வரைபடத்தில் சிவந்த வளவு

அந்த வரைபடத்தை நான் கொடுத்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. வாங்கிய அலுவலகத்தில் அது ஏதோ ஒரு கோப்புக்குள் குத்தப்பட்டுக் கிடக்கும். கணக்கில் பிழை இல்லை. பிறகு இரண்டு தரம் முதலிலிருந்து போட்டுப் பார்த்துவிட்டேன், அதே விடைதான் வருகிறது. பிழையே இல்லாத ஒன்றை எப்படித் திருத்துவது என்பதுதான் இவ்வளவு நாளாக எனக்குப் பிடிபடவில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் 2013 முதல் 2022 வரை எங்கே பச்சை கூடியது, எங்கே குறைந்தது என்று செய்மதிப் படங்களை வைத்துக் காட்டச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். பத்து வருட லாண்ட்சாட் 8 படங்களை எடுத்தேன். ஒவ்வொரு புள்ளிக்கும் வருடச் சராசரிப் பச்சையைக் கணக்கிட்டு அதன் மேல் ஒரு நேர்கோடு போட்டேன். கோடு ஏறினால் பச்சை, இறங்கினால் சிவப்பு. குடாநாட்டின் பெரும்பகுதி ஏறவும் இல்லாமல் இறங்கவும் இல்லாமல் வெளிறிய மஞ்சளில் கிடந்தது. வலிகாமம் வடக்கில் மட்டும் அம்மை போட்டதுபோல ஆங்காங்கே சிவப்பு. பக்கத்தில் 'தாவரப் போர்வை இழப்பு: கவனம் தேவை' என்று நானே தட்டச்சு செய்தேன். அப்போது அந்த வரி எனக்கு உறுத்தவில்லை. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. சிவப்பு இல்லாத வரைபடத்தை யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

ஏழு குழி

இந்த வேலை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உயிருள்ள இலை சிவப்பு ஒளியை உண்டுவிடும். நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பை நிறையவே திருப்பி எறிந்துவிடும். செய்மதி இரண்டையும் அளக்கிறது. அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டினதும் கூட்டுத்தொகையால் பிரித்தால் ஓர் எண் வரும். அதுதான் என்டிவிஐ. வெறும் மண் பூச்சியத்துக்குச் சற்று மேலே நிற்கும், அடர்ந்த இலை ஒன்றை நெருங்கும், தண்ணீர் பெரும்பாலும் பூச்சியத்துக்குக் கீழே போய்விடும். 1972இல் முதலாவது லாண்ட்சாட் மேலே போன கையோடு, அமெரிக்காவின் பெரும் புல்வெளிகளில் புல் எப்போது துளிர்க்கிறது, எப்போது காய்கிறது என்று பார்ப்பதற்காக உருவான கணக்கு இது. பிறப்பிலேயே புல்லுக்கான கணக்கு.

புள்ளி என்று நான் சொல்வது படத்தின் ஆகச் சிறிய சதுரத்தை. அதன் அளவை மீற்றரில் சொன்னால் எங்கள் ஊரில் யாருக்கும் மனதில் பதியாது, ஆகவே எங்கள் நில அளவுகளான குழியிலும் பரப்பிலும் சொல்கிறேன். சென்டினல்-2 என்ற செய்மதியின் ஒரு புள்ளி பத்து மீற்றருக்குப் பத்து மீற்றர், அதாவது ஏறத்தாழ 7 குழி. லாண்ட்சாட்டின் புள்ளி மூன்றரைப் பரப்பு. மொடிஸ் என்று ஒன்று இருக்கிறது, அது ஒவ்வொரு நாளும் வரும், ஆனால் அதன் புள்ளி கிட்டத்தட்ட 250 பரப்பு. ஒரு குறிச்சியையே ஒற்றை எண்ணாக்கிவிடும். (16 பரப்பு ஓர் ஏக்கர் என்ற தோட்டக் காணிக் கணக்கில் சொல்கிறேன். வயல் பரப்பு வேறு, அது ஏக்கருக்கு 24. காணி உறுதி வாசித்துப் பழகியவர்கள் சண்டைக்கு வரவேண்டாம்.)

நான் இதைக் கற்றது இணையவழிப் பயிற்சியில், ஆபிரிக்கச் சவன்னாக்களை வைத்து. சவன்னா என்றால் புல்லும் மரமும் ஒரே நிலத்தைப் பங்குபோட்டுக்கொள்ளும் இடம். காடு என்று சொல்ல மரம் போதாது, வெறும் புல்வெளி என்று சொல்ல மரம் அதிகம். மழை ஒரு பருவத்தில்தான் வரும், மிச்ச மாதங்கள் காய்ந்து கிடக்கும். பயிற்சியில் ஒரு நாள் ஐவரி கோஸ்டில் இருக்கும் லம்டோ ஆய்வு நிலையத்தின் படத்தைக் காட்டினார்கள். 1962இலிருந்து இயங்கும் இடம். இடுப்பளவு புல், அதற்குள் விட்டுவிட்டு நிற்கிற பனை. ஆபிரிக்கப் பனை எங்கள் பனைக்கு ஒன்றுவிட்ட சகோதரம், தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. எனக்கு அது ஊர்காவற்றுறைப் பக்கம் போல இருந்தது. எங்கள் தரவைகளும், அந்த மேய்ச்சல் வெளிகளும், இப்படித்தானே. ஆவணியில் சாம்பல் நிறத்தில் வெடித்துக் கிடக்கும், கார்த்திகையில் தண்ணீருக்குள் போகும், தையில் மாடு மேயும். சவன்னா என்று யாரும் அதைச் சொல்வதில்லை, அவ்வளவுதான். நெடுந்தீவுப் பெருக்கமரத்தைப் பார்க்கப் படகேறிப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அது ஆபிரிக்கச் சவன்னாவின் மரம் என்று தெரியும்?

ஆகவே அந்தக் கணக்கு எங்கள் நிலத்துக்கும் பொருந்தும் என்று நம்பினேன். ஒரு தரவைப் புள்ளியின் என்டிவிஐயை வருடம் முழுக்க வரைந்தால் ஒற்றைத் திமில் வரும். ஐப்பசியில் எழும்பி, மார்கழி, தையில் உச்சிக்குப் போய், பங்குனியில் சரிந்து, சோளகக் காற்று வீசும் மாதங்களில் தரையோடு தரையாகக் கிடக்கும். பனங்கூடல் அப்படி இல்லை, அது வருடம் முழுக்க ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நிற்கும். புல்லும் மரமும் ஒரே புள்ளிக்குள் கலந்து கிடந்தாலும் பிரிக்க வழி உண்டு. கோடையில் எஞ்சி நிற்கிற பச்சை பெரும்பாலும் மரத்தினுடையது, மாரியில் அதன் மேல் ஏறுகிற திமில் பெரும்பாலும் புல்லினுடையது. எனக்கு மிகவும் பிடித்தது இந்த வழக்கத்தை மீறுகிற ஒரு மரம். செனகல் தோட்டங்களில் நிற்கும் ஒரு வகை வெள்வேல், மழைக்காலத்தில் இலையைக் கொட்டிவிட்டுக் கோடையில் பச்சையாக நிற்கும். கீழே விதைத்த கம்புக்கு நிழல் விழாது, காய்ந்த காலத்தில் ஆட்டுக்கு இலை கிடைக்கும். அதன் வளைகோடு மற்ற எல்லாவற்றுக்கும் தலைகீழ். இதைப் பிறகு வேறொரு காரணத்துக்காக நினைத்துக்கொண்டேன்.

முகிலைப் பற்றியும் சொல்லவேண்டும். இந்த வேலையின் பெரிய எரிச்சல் அது. புல் துளிர்க்கிற நாட்கள்தான் எமக்கு ஆக முக்கியமான நாட்கள், புல் துளிர்ப்பது மழையால், மழை இருந்தால் முகில் இருக்கும், முகில் இருந்தால் படத்தில் நிலம் தெரியாது. ஐப்பசி முதல் மார்கழி நடுப்பகுதி வரை குடாநாட்டின் பாதிப் படங்கள் வெறும் பஞ்சு. மென்பொருள் முகிலை அடையாளம் கண்டு வெட்டிவிடும் என்பார்கள். தடித்த முகிலை வெட்டும். மெல்லிய முகிலும் அதன் நிழலும் பல தரம் தப்பிவிடும், தப்பினால் கோட்டில் ஒரு பள்ளம் விழும்.

ஆடிப்பிறப்பு

அறிக்கை கொடுத்து இரண்டு கிழமை இருக்கும். ஆடிப்பிறப்புக்கு அம்மா கூழ் காய்ச்சி, கொழுக்கட்டை அவித்து, மாமாவை வரச் சொல்லியிருந்தா. மாமா அம்மாவின் மூத்த அண்ணன், வயது எழுபதைத் தாண்டிவிட்டது. கூழ் ஆறும்வரை மேசையில் கிடந்த வரைபடத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உந்தச் சிவப்பு என்னடா தம்பி?"

"அங்க பச்சை குறைஞ்சுகொண்டு போகுது மாமா. மரம், செடி அழிஞ்ச இடங்கள்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மீண்டும் குனிந்தார். விரலால் காங்கேசன்துறை வீதியைப் பிடித்து வடக்கே போனார், கிழக்கே திரும்பினார், ஓரிடத்தில் நின்றார். மடிகணினியில் அந்த இடத்தைப் பெருப்பித்துக் காட்டச் சொன்னார். கோயில் கேணி தெரிந்தது. அதிலிருந்து எண்ணி நாலாவது ஒழுங்கை.

"இது எங்கட வளவு."

ஓம், அதுதான். 1990 ஆனியில் அம்மம்மா ஒரு பெட்டியோடு வெளிக்கிட்ட வளவு. நான் பிறந்தது இடம்பெயர்ந்த பிறகு, ஆகவே அது எனக்கு எப்போதும் அம்மாவின் கதைகளில் வருகிற ஓரிடம்தான். 2018இல் இராணுவம் விடுவித்த காணிகளுள் அதுவும் ஒன்று. 18 பரப்பு. லாண்ட்சாட்டில் ஐந்து புள்ளி. ஐந்தும் கடும் சிவப்பு.

"ஆர் அழிச்சது? நான்தானே வெட்டினனான். பெக்கோக்காரனுக்கு நாலு நாள் காசு குடுத்து வெட்டினது. இப்பில் இப்பில் என்ன, நாயுண்ணி என்ன, வீட்டுக்குள்ளால ஆலமரம்... கிணத்தைக் கண்டுபிடிக்கவே ரெண்டு நாள் எடுத்தது. உதுக்கு இவ்வளவு சிவப்போ?"

அவர் கோபப்படவில்லை, சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நான்தான் கூழைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். 28 வருடமாக ஆள் இல்லாத வளவில் பற்றை ஏறிக் காடானதைச் செய்மதி நல்ல பச்சை என்று எடுத்திருக்கிறது. ஆட்கள் திரும்பி வந்து, பற்றையை வெட்டி, கூரை போட்டு, செம்பாட்டு மண்ணைக் கொத்திய வருடத்தில் பச்சை விழுந்திருக்கிறது. அந்த வீழ்ச்சிக்கு நான் கொடுத்த பெயர் இழப்பு. என் அம்மாவின் குடும்பம் ஊர் திரும்பியதற்குப் பக்கத்தில் 'கவனம் தேவை' என்று எழுதிக் கையெழுத்தும் வைத்திருக்கிறேன்.

யாருக்குப் பச்சை

ஆபிரிக்காவில் இதற்கு முன்னரே வாதம் நடந்து முடிந்திருக்கிறது, நான் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்துவிட்டுக் கடந்து போயிருந்தேன். எழுபது, எண்பதுகளின் வரட்சியில் சகாரா தெற்கே நகர்ந்து வருகிறது என்று உலகம் முழுக்கப் பேச்சாக இருந்தது. செய்மதி ஆய்வாளர் கொம்ப்டன் டக்கரும் கூட இருந்தவர்களும் 1980 முதல் 1990 வரையான செய்மதிப் பதிவுகளை வைத்து, பாலைவனத்தின் தெற்கு எல்லை மழையைப் பொறுத்து ஒரு வருடம் கீழே வருகிறது, இன்னொரு வருடம் மேலே போகிறது என்று 1991இல் காட்டினார்கள். பிறகு மழை கொஞ்சம் திரும்ப, சகாராவுக்குத் தெற்கே கிடக்கிற வரண்ட பட்டையான சாஹெல் பச்சையாகிறது என்று அடுத்த பேச்சு வந்தது. அதுவும் படத்தில் உண்மைதான். ஆனால் நடு செனகலில் தரையில் இறங்கி மரங்களை எண்ணியவர்கள், பச்சை கூடிய இடங்களிலேயே மர இனங்கள் குறைந்துபோயிருப்பதைக் கண்டார்கள். நமீபியாவில் நிலைமை இன்னும் வெளிப்படை. மேய்ச்சல் நிலத்தில் முட்புதர் ஏறுகிறது, செய்மதி பச்சை கூடுகிறது என்கிறது, மாட்டுக்காரனுக்குப் புல் போய்விட்டது. எங்கள் ஊர்ப் பார்த்தீனியமும் அப்படித்தான். மாடு முகர்ந்தும் பார்க்காத அந்தச் செடி என்டிவிஐயில் அறுகம்புல்லோடு ஒரே வரிசையில் நிற்கும்.

இப்போதெல்லாம் தனி மரத்தையே எண்ணுகிறார்கள். மேற்கு ஆபிரிக்காவின் வரண்ட பகுதிகளில் மட்டும் 180 கோடிக்கு மேல் மரங்கள் இருப்பதாக 2020இல் வந்த ஓர் ஆய்வு சொன்னது, ஒரு மீற்றருக்கும் நுணுக்கமான படங்களில் கணினியைப் பழக்கி எண்ணியது. எனக்கு அதை வாசிக்கும்போது பொறாமையாக இருக்கும். ஆனால் அந்தப் படம் என் கையில் இருந்திருந்தாலும் அம்மம்மா வளவில் என்ன செய்திருப்பேன்? இப்பில் இப்பில் மரங்களைச் சரியாக எண்ணி, இத்தனை மரம் அழிந்தது என்று இன்னும் திருத்தமாக எழுதியிருப்பேன்.

நேர்கோட்டை எறிந்துவிட்டு, அந்தப் 18 பரப்பின் வளைகோட்டை மாதம் மாதமாக வரைந்தேன், இம்முறை சென்டினல் படங்களில், 45 புள்ளிகள். அப்போதுதான் விஷயம் தெரிந்தது. 2018 வரை அது ஒரு சவன்னாக் கோடு. மாரியில் திமில், கோடையில் மரங்களின் உயர்ந்த அடிமட்டம். பெக்கோ வந்த மாதத்தில் கோடு கிணற்றுக்குள் விழுந்ததுபோல விழுகிறது. பிறகு எழும்புகிற கோடு வேறு சாதி. வருடத்துக்கு ஒரு திமில் இல்லை. இரண்டு, மூன்று சின்னத் திமில்கள், நடுவில் வெறும் மண். அதிலும் ஒன்று ஆனி, ஆடியில், தரவை எல்லாம் காய்ந்து கிடக்கிற நேரத்தில் எழும்புகிறது. செனகல் வெள்வேலைப்போலப் பருவத்துக்கு எதிராக நிற்கிற பச்சை. மழை இல்லாத மாதத்தில் பச்சை எழும்ப வேண்டுமானால் யாரோ நீர் இறைக்க வேண்டும். சராசரி எடுத்தால் பழைய பற்றைக் காட்டைவிடக் குறைவுதான், அதனால்தான் சிவப்பு. கோட்டின் வடிவத்தைப் பார்த்தால் அங்கே ஒரு மனிதன் கிணற்றடியில் நிற்கிறான்.

அடுத்த ஞாயிறு கோட்டை அச்சடித்துக்கொண்டு மாமாவிடம் போனேன். அவர் திமில்களை ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னார். இது முதல் வெங்காயம், இது கிழங்கு, இது பீற்றூட், இது வெங்காயம் திரும்பவும். ஒரு கார்த்திகைப் பள்ளத்தில் விரலை வைத்து நிறுத்தினார். "அந்த முறை வெள்ளம் நிண்டு எல்லாம் அழுகிப்போச்சு. ஐம்பதினாயிரத்துக்கு மேல நட்டம்." குரல் இறங்கிவிட்டது, மாமி உள்ளே இருந்து ஓம் ஓம் என்றா. நானும் உருகித்தான் போனேன். வீட்டுக்கு வந்து அந்தத் திகதிப் படத்தைத் திறந்து பார்த்தால், வளவுக்கு மேலே ஒரு மெல்லிய முகில், வெட்டப்படாமல் தப்பியது. வெள்ளம் வந்தது உண்மைதான், மாமியின் கணக்குக் கொப்பியில் இருக்கிறது, ஆனால் அதற்கடுத்த வருடம். கோட்டில் பள்ளம் கண்டால் அதற்கு ஒரு கதை வைத்திருக்கிறோம் எல்லோரும். என் கதைக்குப் பெயர் தாவரப் போர்வை இழப்பு, அவருடையதற்குப் பெயர் வெள்ளம். இதை அவருக்கு நான் இன்னும் சொல்லவில்லை.

அன்றைக்கு அவர் வேறொன்றும் கேட்டார். "நாங்கள் இல்லாத காலத்துப் படமும் உன்னட்ட இருக்கோ?"

இருந்தது. லாண்ட்சாட் 7, 2001ஆம் ஆண்டுப் படம். 2003இல் அந்தச் செய்மதியின் கருவி பழுதாகிப் படங்களில் கறுப்புக் கோடுகள் விழத் தொடங்குவதற்கு முந்தையது, அதனால் முழுசாகத் தெரியும். எங்கள் வளவு அதில் ஐந்து கரும்பச்சைச் சதுரங்கள், பக்கத்து வளவுகளும் அதே கரும்பச்சை, எங்கே வேலி என்று சொல்ல முடியாது. மாமா அப்போது மல்லாகத்தில், நடந்து போகிற தூரத்தில் இருந்தார். அவர் போகமுடியாத அந்தக் காலம் முழுக்க, லாண்ட்சாட் 16 நாளைக்கு ஒருதரமாவது, காலை வேளையில், அந்தக் கூரைக்கு மேலால் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

"வீடு தெரியுதோ?"

"இதில தெரியாது மாமா. மூண்டரைப் பரப்புக்கு ஒரு நிறம்தான்."

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதைப் பிரதி எடுத்துத் தரச் சொன்னார். கொடுத்தபோது நாலாக மடித்து, காணி உறுதி வைத்திருக்கிற பொலித்தீன் பைக்குள் வைத்தார்.

அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன், அந்த வரியை மாற்றவேண்டும் என்று. பதில் இல்லை, அதில் எனக்குப் பெரிய குறையும் இல்லை. ஏனென்றால் எப்படி மாற்றுவது என்று நான் எழுதியது எனக்கே திருப்தியாக இல்லை. சிவப்பெல்லாம் திரும்பி வந்தவர்களுடையது என்று எழுதிவிட முடியுமா? வளைகோட்டில் இறைப்புத் தெரிந்தால் தோட்டம் என்று சொல்லலாம். தெரியாத இடங்களில் என்ன சொல்வது? ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சிவப்பாகப் போய்வருகிறேன். இதுவரை பதினொன்று. ஆறில் வீடு, சில இன்னும் கூரைத் தகரத்தோடு. ஒன்று சுண்ணக்கல் தோண்டிய குழி, அது உண்மையான இழப்பு, சந்தேகமே இல்லை. ஒன்றில் பனங்கூடலைத் தறித்து வெறும் மதில் மட்டும் கட்டியிருக்கிறார்கள், காணிக்காரர் கனடாவில் என்று அயலில் சொன்னார்கள். இரண்டில் பற்றையை வெட்டிவிட்டு அப்படியே விட்டுப் போயிருக்கிறார்கள், மறுபடியும் முளைக்கத் தொடங்கிவிட்டது. இன்னும் இரண்டு மாரி போனால் என் வரைபடத்தில் அவை பச்சைக்கு மாறி முன்னேற்றம் என்று வரும்.

பதினோராவது முட்கம்பிக்கு அந்தப் பக்கம். போன கிழமை அங்கே போய் வேலியோரம் நின்று எட்டிப் பார்த்தேன். இரண்டு வடலி, அதற்கப்பால் உயர்ந்த புல், அதற்கப்பால் என்ன என்று தெரியவில்லை. அன்று சென்டினல் வருகிற நாள். மணி பத்தரை, வானத்தில் ஒரு பொட்டு முகில் இல்லை.